பழைய பொட்டி, புதுப் பொட்டி, நடுவுல ஒரு கணக்கப்பிள்ளை

புது லெப்டொப் வாங்கிட்டியாமே பேராண்டி! ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல நீ எறங்கும்போதே சேதி லயத்துக்கு வந்துருச்சு, நீதான் பின்னால வந்த. நல்லா இரு. ஆனா வந்ததும் வராததுமா என்ன சொன்ன? "பழசுல உள்ளத எல்லாம் அப்படியே இழுத்துப் புதுசுல போட்டுட்டா முடிஞ்சுது தாத்தா." கொழும்புல படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு என்னடா தெரியும், நான் வெறும் கணக்கப்பிள்ளை.

1975ல கொம்பனித் தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்குப் போனப்ப ஆபீஸ் புத்தகம் கைமாறுறதப் பாத்தேன். அப்ப நான் வேலைக்குச் சேந்த புதுசு. 1992ல திரும்பத் தனியார் கையில குடுத்தப்பவும் பாத்தேன். பழைய செக்ரோலப் பாத்துப் புதுசுல பேர் ஏத்தும்போது ஒரு எழுத்துப் புரண்டா என்ன ஆகும் தெரியுமா? பொறப்புச் சான்றிதழ்ல ராமாயி, அடையாள அட்டையில ரம்மாயி, செக்ரோல்ல ராமாய். காலம் பூரா கொழுந்தெடுத்தவ சேமலாப நிதி வாங்கப் போனா, அந்த மூணு பேரும் நான் ஒருத்திதான்னு சத்தியக் கடதாசி முடிக்கணும். "இழுத்துப் போட்டா முடிஞ்சுது"ன்னு யாராச்சும் சொன்னா எனக்கு அதனாலதான் வயிறு கலங்குது.

சரி, மொதல்ல பழசத் தொற. அடேங்கப்பா, கண்ணு கூசுது. 'புதிய போல்டர்', 'புதிய போல்டர் 2', 'சி.வி.', 'சி.வி. புதுசு', 'சி.வி. அண்ணன் பாத்தது'. அண்ணன் பாத்தும் வேலை கிடைக்கலேன்னு தெரியுது. டவுன்லோட் போல்டருல ஒரே கரண்ட் பில்லு நாலு தரம் எறங்கியிருக்கு, ஒரு தரமாவது கட்டினியா? இதையெல்லாம் புது வீட்டுக்குக் கூட்டிப்போகப் போறியாக்கும். உன் பொறப்புச் சான்றிதழ் எங்கடா? 'ஸ்கேன் 0007'ஆ? பேஷ்.

இந்த ஏழாம் நம்பரப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு நின்னுச்சு. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டாந்தப்ப, அப்பன் இங்க பொறந்தானா, இல்லேன்னா பாட்டனும் பூட்டனும் இங்க பொறந்தாங்களான்னு கேட்டாங்க. மலையில பொறந்து மலையில செத்தவனுக்குக் கடதாசி ஏது? கடதாசி இல்லாதவனுக்கு நாடும் இல்லாமப் போச்சு. 1964ல நம்ம சிறிமாவும் இந்தியாவோட சாஸ்திரியும் உக்காந்து 5,25,000 பேர் அங்கிட்டு, 3,00,000 பேர் இங்கிட்டுன்னு பங்கு பிரிச்சாங்க, 1,50,000 பேரப் பிறகு பாப்போம்னு ஒதுக்கி வச்சாங்க. 2003ல இன்னொரு சட்டம் போடுற வரைக்கும் அந்தக் கணக்கு இழுபட்டுது. அப்பேர்ப்பட்ட பரம்பரையில வந்தவன் பொறப்புச் சான்றிதழுக்கு 'ஸ்கேன் 0007'ன்னு பேரு வச்சிருக்கான்! பேர மாத்துடா. உன் பேரு, என்ன கடதாசி, எந்த வருசம், இந்த மூணும் பைல் பேருல இருக்கட்டும். திரும்பக் கிடைக்காததத் தனியா ஒரு போல்டர்ல போடு: கடதாசி, போட்டோ, நீயா எழுதினது. படமும் பாட்டும் எங்கேயும் கிடைக்கும், கெடக்கட்டும்.

எப்படிக் கொண்டுபோறதுன்னு கேக்குறியா? முன்னே விண்டோஸ் ஏழுல 'ஈசி டிரான்ஸ்ஃபர்'னு ஒண்ணு இருந்துச்சு, பத்துல அதத் தூக்கிட்டாங்க. இப்ப 'விண்டோஸ் பெக்அப்'னு இருக்கு, ஒன்டிரைவ் வழியா போகும். சும்மா தர்றது 5 ஜிபி. கூகுள்காரன் 15 ஜிபி தருவான். உங்க அக்கா கல்யாண வீடியோவ அதுல ஏத்தப் போறியா? சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறணும், டேட்டா காசுக்கு உங்க அப்பன் கடன் வாங்கணும். பேசாம ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக்க. பென்டிரைவ் இருக்குன்னு சொல்லாத. அது எஃப்ஏடி 32 வகையா இருந்தா 4 ஜிபிக்கு மேல உள்ள ஒத்த பைல ஏத்துக்காது. தாலி கட்டுற எடத்துல நின்னுட்டு 'பைல் பெருசா இருக்கு'ன்னு சொல்லும். எக்ஸ்எஃப்ஏடிக்கு மாத்தலாம், ஆனா மாத்தினா உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும், வெறும் பென்டிரைவா பாத்து மாத்து. இன்னொண்ணு, கொப்பிதான் பண்ணணும், கட் பண்ணாத. நம்ம ஊரு கரண்டப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா?

வேர்ட், போட்டோசொப் மாதிரி புரோகிராமெல்லாம் இழுத்தா வராது, புதுசா இன்ஸ்டோல் பண்ணிக்க. அங்கதான் அக்கவுண்ட் கேக்கும். அந்தக் காலத்துல ஒரு தோட்டத்த விட்டு இன்னொண்ணுக்குப் போறதுன்னா துண்டு வேணும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டிட்டுக் கூட்டிப்போன்னு எழுதின சீட்டு. 1921ல அத ஒழிச்சுட்டாங்கன்னு நாம நினைச்சுக்கிட்டு இருந்தோம். கொம்பியூட்டர்காரன் அதுக்கு அக்கவுண்ட்னு பேரு வச்சுத் திரும்பக் கொண்டாந்துட்டான். பாஸ்வேர்ட் தெரியுமா உனக்கு? மறந்துட்டா கோட் எந்த நம்பருக்கு வரும்? நீ போன வருசம் தூக்கி வீசின சிம்முக்கு. பழசு கையில இருக்கும்போதே உள்ள போயி நம்பர மாத்து. அப்புறம் பிட்லொக்கர்னு ஒரு பூட்டு, புது லெப்டொப்புல உன்னக் கேக்காமலே விழுந்திருக்கும். ஒருநாள் மெஷின் மக்கர் பண்ணினா 48 எலக்கச் சாவி கேக்கும். உன் மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டுல அது இருக்கும், பாத்து ஒரு கொப்பியில எழுதி வை. அத அந்த லெப்டொப்புக்குள்ளயே சேமிச்சு வைக்கிற அறிவாளிகளும் இருக்காங்க. யாருன்னு சொல்லமாட்டேன், உங்க மாமன் கோவிச்சுக்குவான்.

எல்லாம் ஏத்திட்டு 'சரி தாத்தா'ன்னு மூடிடாத. தொறந்து பாரு. கோயில் திருவிழா நோட்டீஸத் தொற. என்ன தெரியுது? அம்மன் இருந்த எடத்துல எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி. பதறாத, தெய்வக் குத்தம் இல்ல. பழசுல பாமினி எழுத்துல அடிச்சது. புதுசுல அந்த ஃபொன்ட் இல்லேன்னா அம்மன் இங்கிலீசுலதான் காட்சி குடுப்பா. பழைய லெப்டொப்புல விண்டோஸ் போல்டருக்குள்ள ஃபொன்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல பாமினிய எடுத்துப் புதுசுல இன்ஸ்டோல் பண்ணு. ஆற அமர யுனிகோட்டுக்கும் மாத்தி வை, மாத்திக் குடுக்குற கருவி இன்டர்நெட்டுலயே சும்மா கிடைக்குது. உங்க அப்பாயி கருமாதிப் பத்திரிகையும் அந்த பாமினியிலதான் கிடக்கு. அடுத்தது எனக்கு அடிக்க அதே பத்திரிகையத்தானே தூசி தட்டுவ? பேர மாத்த மறந்துறாத, அவ மேல போயும் என்னோட சண்டைக்கு வருவா.

திரும்பக் கிடைக்காத அந்த போல்டருக்கு இன்னொரு கொப்பி எடு, அது இந்த லயத்துல இருக்கக் கூடாது. கொழும்புல வை, டவுன்ல அத்தை வீட்டுல வை. 2014 அக்டோபர் 29ந் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில மண் சரிஞ்சப்ப லயத்தோட சேத்து மனுசரையும் கொண்டு போச்சு. மிஞ்சினவங்க கையில ஒரு அடையாள அட்டைகூட இல்லாம நின்னாங்க. இதுல உன்னோட வேடிக்கை பேச எனக்கு மனசு வரல.

பழச ஒரு மாசம் தொடாம வச்சிரு. 'அந்தப் பைல் எங்க'ன்னு நீ தேடுறது அதுக்குள்ளதான் நடக்கும். அதுக்கப்புறம் எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் பண்ணு, டிரைவச் சுத்தமாத் துடைன்னு ஒரு தெரிவு வரும், அதையும் குடு. நாலு காசுக்குக் கடையில போட்டுறாத. கீழ் லயத்துல ஒரு புள்ள அம்மா போன்ல கண்ணு நோக ஓ.எல். பரீட்சைக்குப் படிக்குது, அதுக்குக் குடு. விண்டோஸ் பத்துக்கு வழமையான பாதுகாப்புத் திருத்தம் 2025 அக்டோபர் 14ஓட நின்னுருச்சு, அதனால பேங்க் கணக்கு மட்டும் அதுல பாக்க வேணாம்னு சொல்லிக் குடு. சார்ஜரையும் சேத்துக் குடுடா, கஞ்சப்பயலே.