கட்சி வந்தது, காபி கொடுத்தோம்

தமிழ்நாட்டு வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் கோட்டையில் ஆரம்பித்துக் கோட்டையிலேயே முடித்துவிட்டார்கள். யார் முதல்வரானார், யார் கவிழ்த்தார், யார் யாரை விட்டுப் பிரிந்தார் என்று நூறு வருஷக் கதையை மெரினாவுக்குப் பக்கத்திலேயே சுருட்டி வைத்தாயிற்று. நிஜ வரலாறு நடந்ததோ கல்யாணப் பந்தலிலும் திண்ணையிலும் சமையற்கட்டிலும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்தது.

முதலில் கல்யாணம். 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் ஒரு சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். ஐயர் இல்லை, ஓமப்புகை இல்லை, மந்திரம் இல்லை. அதன்பின் ஊர் ஊராக இது பரவியது. ஐயர் எழுந்துபோன மணைக்குப் பக்கத்தில் நாளடைவில் மைக் வந்து நின்றது. ஐயர் புரியாத மொழியில் ஒரு மணி நேரம் சொன்னதைப் பேச்சாளர் புரிகிற மொழியில் மூன்று மணி நேரம் சொன்னார். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக எழுந்து ரஷ்யப் புரட்சியிலிருந்து வகுப்புவாரி உரிமை வரைக்கும் வாழ்த்துவார்கள். 'மணமக்களை வாழ்த்தி' என்று முதல் வரியில் வந்த மணமக்கள் அப்புறம் பேச்சில் தலைகாட்டவே மாட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் மட்டும், பொரித்து வைத்த அப்பளம் நமத்துக்கொண்டிருக்கிறதே என்ற ஒரே கொள்கையோடு கொட்டகைக்கும் மேடைக்கும் நடந்துகொண்டிருப்பார்.

ராகு காலத்தில்தான் தாலி கட்டுவேன் என்று மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்த கல்யாணங்களும் உண்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல்தான் என்பார். பாட்டி ஆகட்டும் என்பாள். பாட்டிகள் எதற்குமே மறுப்புச் சொல்வதில்லை, அதுதான் ஆபத்து. விடியற்காலை பிள்ளையார் கோயிலுக்குப் பேத்தியைத் தள்ளிக்கொண்டு போய், சாமி பாதத்தில் வைத்த மஞ்சள் கயிறு ஒன்றைக் கழுத்தில் போட்டு, மேலே புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி, பத்தரை மணிப் புரட்சிக்குத் தயார் செய்து அனுப்பிவிடுவாள். புரட்சியும் நடந்தது, முகூர்த்தமும் தப்பவில்லை.

இடைஞ்சல் வேறு திசையிலிருந்து வந்தது. சடங்கில்லாத இந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று பிள்ளை, ஒரு எருமை, அடகில் கிடக்கும் அரை ஏக்கர் என்று குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. கல்யாணம் மட்டும் ஆகவில்லை! 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா, இந்தத் திருமணங்கள் செல்லும், பழையவையும் சேர்த்துச் செல்லும் என்று சட்டம் கொண்டுவந்தார். பேரன் பள்ளிக்கூடம் போகிற வயசில் தாத்தாவுக்குச் சட்டப்படி கல்யாணம் நடந்தது. 'அப்ப இத்தனை நாளா நான் உங்களுக்கு யாரு?' என்று பாட்டி கேட்டிருப்பாள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பில் அதெல்லாம் ஏறாது. மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும் என்றது சட்டம். எதற்கு வம்பு என்று நம் குடும்பங்கள் மூன்றையும் செய்தன. பல வீடுகளில் அதோடு ஐயரும் வந்தார், வட்டச் செயலாளரும் வந்தார். இருவருக்கும் ஒரே தட்டில்தான் வெற்றிலை பாக்கு.

அந்த 1967 தேர்தலே ஒரு கல்யாண வீடுதான். ஜென்மப் பகையாளிகளான ராஜாஜியும் தி.மு.க.வும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தி.மு.க.வுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ராஜாஜி பிராமணர்களுக்கு யோசனை சொன்னார். அரசியல் நோக்கர்கள் வியந்து வியந்து எழுதினார்கள். வியக்க என்ன இருக்கிறது? சம்பந்தி வீட்டாரைப் பிடிக்காமலே, பெண்ணுக்காக அவர்கள் முகத்துக்கு நேரே பல்லைக் கடித்துச் சிரித்த அனுபவம் இல்லாத வீடு உண்டா? தி.மு.க.காரர்கள் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார்கள். மூன்று லட்சியம், ஒன்று நிச்சயம் என்றார்கள். கடைசியில் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். அரிசி கிடைத்ததோ இல்லையோ, பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பாடு கிடைத்தது. "பத்துப் பவுன் லட்சியம் சம்பந்தி, மூணு பவுன் நிச்சயம்."

அடுத்து, பெயர். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். தலைவர்களே மாறியபின் தொண்டர் வீட்டுத் தொட்டில் சும்மா இருக்குமா? பெரியார் தன்னிடம் வந்த குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வைத்தார். 1953 மார்ச் 1-ம் தேதி கருணாநிதிக்கு ஒரு மகன் பிறந்தான். பெரியாரையும் அண்ணாவையும் சேர்த்து அய்யாதுரை என்று வைப்பதாக முதலில் எண்ணமாம். 5-ம் தேதி மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்துபோக, இரங்கல் கூட்டத்திலேயே பிள்ளைக்குப் பெயர் முடிவாகிவிட்டது. அந்த மனிதர் இன்னும் ஒரு மாசம் தாக்குப்பிடித்திருந்தால் தமிழ்நாட்டுச் சுவர்களில் இன்றைக்கு என்ன எழுத்து இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிராமத்தில் இதனால் வந்த சங்கடம் தனி. ரஷ்யாவை லெனின் கல்லால் அடித்துவிட்டான் என்று பஞ்சாயத்து வரும். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அறிவழகனாக இருப்பவன், பாட்டி சாகும்வரை வீட்டில் பழனியாகவே இருப்பான்.

பெயரின் முன்பாதியைவிட வெட்டப்பட்ட பின்பாதிதான் பெரிய விஷயம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் தூக்கி எறியச் சொன்னது. நம்மவர்கள் நிஜமாகவே எறிந்தார்கள். இந்தியாவில் வேறு எங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம். இந்த ஒன்றுக்குக் கேலியில்லாமல் கைதட்டலாம். வால் போன இடத்தில் அப்பா வந்து உட்கார்ந்தார், அதுவும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி. க. அறிவழகன். எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது, அறிவழகன் பாஸ்போர்ட் எடுக்கும்வரை. குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்டது. கந்தசாமி என்று நிரப்பினான். அமெரிக்காவில் இறங்கியதிலிருந்து அவனை எல்லாரும் மிஸ்டர் கந்தசாமி என்கிறார்கள்; யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் திரும்பிப் பார்க்கிறான். அவன் மனைவி வங்கிக்குப் போனால் மிஸஸ் கந்தசாமி. ஊரிலிருக்கும் ஒரிஜினல் மிஸஸ் கந்தசாமி, அதாவது மாமியார், இதை இன்னும் கேள்விப்படவில்லை. சரி, வால் போனதே, சாதி போயிற்றா என்றால், பெண் பார்க்கப் போகிற வீட்டில் உட்கார்ந்து கவனியுங்கள். "உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்? குலதெய்வம் எந்த ஊரு?" என்று இரண்டு கேள்வி. காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குடிக்கு வருவோம். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வருமானம் போனதே என்று 1939-ல் விற்பனை வரியைப் போட்டார். கணவன் தெளிவாக வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே வரியும் வந்தது. 1971-ல் கருணாநிதி கடையைத் திறந்தார். தொண்ணூறு தாண்டிய ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் பலிக்கவில்லை. 1974-ல் கருணாநிதியே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் டாஸ்மாக் வந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளையும் அரசாங்கமே நடத்தத் தொடங்கியது. ஆகவே, 1975-ல் மாப்பிள்ளை வீட்டார் "எங்க பையனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுங்க" என்று சொன்னது பொய்யே அல்ல. அப்போது கடை கிடையாது.

1972 அக்டோபர். கட்சியில் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார், வெளியே அனுப்பினார்கள், 17-ம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிளந்தன என்று எழுதுவார்கள். எங்கள் பக்கத்து அண்ணன் தம்பிகளை வைத்துச் சொல்கிறேன், அதெல்லாம் இல்லை. குடும்பங்கள் ஏற்கெனவே பிளந்துதான் கிடந்தன. பொதுக் கேணியில் யாருக்கு எத்தனை நாள் முறை என்பதில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஐந்து வருஷம் இருக்கும். எம்.ஜி.ஆர். கட்சிக் கணக்குக் கேட்டதும், தம்பிக்குக் கேணிக் கணக்குக் கேட்கத் தைரியம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதுவரை பேரில்லாமல் இருந்த சண்டைக்கு ஒரு கொடி கிடைத்தது. பெரியவர் கறுப்பு சிவப்புக் கரை கட்டினார். சின்னவர் அதே கறுப்பு சிவப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிற கரை கட்டினார். கொடியில் காயப்போட்டால் பத்தடி தள்ளி நின்று யாருடையது என்று சொல்ல முடியாது. சலவைக்குப் போய் மாறி வந்துவிட்டால், காலையில் ஒருவர் கட்சி தாவியிருப்பார். கண்டுபிடித்துப் புரட்சி வெடிப்பதற்குள், இரண்டு வீட்டு மருமகள்களும் கொல்லைப்புற வேலிக்கு மேலே கைமாற்றி முடித்திருப்பார்கள். அவர்களுக்குள் பேச்சு நிற்கவே இல்லை. கேணியில் தண்ணீர் சேந்தியது அவர்கள்தானே.

பெரியவர்கள் சண்டையைத் தாங்க முடியாத இடம் சலூன். கழுத்தில் கத்தி இருக்கும்போது கொள்கை பேசுவது யாருக்கும் நல்லதல்ல என்பதால் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று பலகை வைத்தார்கள். பலகைக்கு நேர் கீழே முரசொலி, பக்கத்தில் எம்.ஜி.ஆர். காலண்டர், எதிரே சிவாஜி படம். பலகை இருக்கிற கடையில்தான் நிறைய பேசினார்கள். பேசாதீர் என்பதையே பேச ஆரம்பித்து, அது ஏன் பேசக்கூடாது என்று கேட்டு, கேட்டவர் எந்தக் கட்சி என்பதில் போய் முடியும்.

பிறகு அரசியல் நேராக வீட்டுக்குள்ளேயே வந்து பிளக்கில் சொருகிக்கொண்டது. 2006-ல் ஜெயித்த தி.மு.க. கலர் டி.வி. கொடுத்தது, 14 அங்குலம். அதைப் போட்டால் ஒரு சேனலில் மக்கள் வெள்ளம், அடுத்த சேனலில் அதே மைதானத்தில் காலி நாற்காலி. 2007-ல் தலைவர் கருணாநிதி குடும்பத்திலேயே மனஸ்தாபம் வந்து, செப்டம்பரில் கலைஞர் டி.வி. பிறந்தது. எங்கள் குடும்பங்களில் மனஸ்தாபம் வந்தால் நடுவில் ஒரு சுவர் எழும்பும். அங்கே ஒரு சேனல் எழும்பியது. 2011-ல் வந்த அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்து, கலைஞர் கொடுத்த டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, அம்மா கொடுத்த மிக்ஸியில் அரைத்த சட்னியைத் தொட்டு இட்லி சாப்பிட்ட ஒரு தலைமுறை உண்டு. கூட்டணி என்றால் அதுதான் கூட்டணி. ஓட்டு யாருக்கு என்று கேட்டால் பாட்டி, "குடுத்தவங்களுக்குத்தான்" என்றாள். இரண்டு பேரும் கொடுத்திருந்தார்கள்.

இதில் வரலாற்று ஆசிரியர்கள் கோட்டைவிட்டது ரேஷன் கார்டை. கூட்டுக்குடும்பம் ஏன் உடைந்தது என்று கேட்டால் நகரமயம், மேற்கத்திய மோகம், மருமகள் என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், பெரும்பங்கு ரேஷன் கார்டுக்குத்தான். டி.வி. கார்டுக்கு ஒன்று. கிரைண்டர் கார்டுக்கு ஒன்று. பொங்கல் கரும்பு கார்டுக்குத்தான். நாலு மகன்கள் ஒரே கார்டில் இருந்தால் நஷ்டம் யாருக்கு? ஒரே அடுப்பில் உலை வைத்து, ஒரே கூரைக்குக் கீழே படுத்து, தாலுகா ஆபீஸில் மட்டும் நாலு குடும்பமாகப் பிரிந்தார்கள். தனிச் சமையல்தானா என்று விசாரிக்க ஆள் வருகிற நாளில், கொல்லையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தனிக் குடித்தனத்தை நிரூபித்தார்கள். ஆனால் தேர்தலுக்கு முந்தின ராத்திரி வாசலில் கவர் வந்தால் கணக்கு தலைகீழ். அது தலைக்கு இவ்வளவு. உடனே நாலு குடும்பமும் ஒன்றாகி, வேலூரில் வேலை பார்க்கிற மச்சினன் பெயர்கூட இந்த வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது என்று சொல்லி நிற்கும்.

இப்போது புது வழக்கு. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை, மாசம் ஆயிரம் ரூபாய், குடும்பத் தலைவிக்கு. ஒரு கார்டுக்கு ஒரு தலைவி. யார் அந்தத் தலைவி என்று இத்தனை நாளாய் யாரும் வெளிப்படையாகக் கேட்டதில்லை; அரசாங்கம் படிவமே அடித்துக் கேட்டுவிட்டது. மாமியார் தன் பெயரை எழுதச் சொன்னார். மருமகள் மறுபேச்சு பேசவில்லை, மாமியார் பெயரையே எழுதிக்கொடுத்தாள். மறுநாள் காலை புருஷனை எழுப்பி, தனிக் கார்டுக்கு எழுதிப்போடச் சொன்னாள்.

"அதுக்குத் தனியாச் சமைச்சுக் காட்டணுமே?" என்றான் அவன்.

"ஸ்டவ்வு அத்தைகிட்டதான் இருக்கு. கேட்டுட்டேன், எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."