சாவடி தாண்டிய சங்கீதம்

கேள்வி: பழைய திரைப்பாடலை வெட்டி ஒட்டி, புதுப்பாட்டென இணையத்தில் உலவவிடும் இளைஞனைக் கலைஞன் என்பதா, கள்வன் என்பதா?
— ஒரு வாசகர், வாளையார்.

பதில்: 1991-இல் ‘குணா’வுக்காகப் பிறந்த ‘கண்மணி அன்போடு’, தங்களூர்ச் சோதனைச்சாவடியில் எவரும் மூட்டையைப் பிரித்துப் பாராமலே மலையாள நாடு புகுந்து, 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ரசிகர்களைப் பரவசப்படுத்த, இளையராஜா தரப்பின் வக்கீல் நோட்டீஸும் அதனைப் பின்தொடர்ந்தே சென்றதைத் தாங்கள் அறிவீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, ஒலிப்பதிவாகி 5 ஆண்டு கழிந்த பாட்டை, முன்னறிவிப்பும் உரிமைத்தொகையும் தந்து மீண்டும் பாடிப் பதிவுசெய்ய இன்று இடமளிக்கிறதேயன்றி, உரியவரின் சம்மதமின்றி அதன் அவயவங்களை மாற்றியமைக்க இடமளிப்பதில்லை. ஆகவே, அவ்விளைஞன் கற்பனையால் கலைஞன். கையெழுத்து வாங்கும்வரை பிரதிவாதி!