ஹார்வர்டில் படித்த நுரை நிபுணர்

சுங்கைப்பட்டாணிப் பக்கம் கல்யாண விருந்துக்குப் போகிறவர்கள் ஓர் ஆளைக் கவனித்திருக்கலாம். ரசத்தைக் கையில் ஏந்தி முதலில் மோந்து பார்ப்பார். பிறகு வாயில் விட்டு, விழுங்காமல் நாக்கில் உருட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு, "கடைசியில ஒரு கசப்பு நிக்குது, பாத்தீங்களா?" என்று பக்கத்து இலைக்காரரைக் கேட்பார். பாயசத்துக்குக் காத்திருக்கும் பக்கத்து இலைக்காரர், ஏதோ புகார் போலிருக்கிறது என்று பந்தி விசாரிக்கிறவரைத் தேடுவார். புகார் ஒன்றுமில்லை. நம்மவர் ஒரு வீட்டு பீர்க்காரர். எதை வாயில் வைத்தாலும் அவருக்கு முன்சுவை, நடுச்சுவை, பின்சுவை என்று மூன்று தெரியும். மற்றவர்களுக்கு உப்பு தெரியும்.

வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே. பிறந்தது தோட்டத்து லயத்தில், இருப்பது டவுனில் இரட்டை மாடி வீட்டில். "நான் ஹார்வர்டுல படிச்சவன்" என்று தயங்காமல் சொல்லிக்கொள்வார். பொய்யில்லை. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரில் ஒன்றுக்கு மூன்று தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பெண் எடுத்தது டப்ளினில். அதுவும் தோட்டம்தான். உலகத்தாருக்கு டப்ளின் என்றால் ஆர்தர் கின்னஸ் 1759இல் மது ஆலை தொடங்கிய ஊர். கெடாக்காரர்களுக்கு அது பால்மரக்காடு. ஹார்வர்டில் படிப்பு, டப்ளினில் சம்பந்தம். பீர் காய்ச்ச இதற்குமேல் என்ன தகுதி வேண்டும் என்பது அவர் கட்சி.

வேலை கூலிமில். 1996இல் திறந்த உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் பொறியாளர். தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டு, ஒரு தூசி விழுந்தால் ஒரு தொகுதியே பாழ் என்று பயந்து பிழைக்கிற உத்தியோகம். அந்தப் பயத்தை அவர் சமையலறைக்கும் கொண்டுவந்துவிட்டார். போத்தலைக் கழுவுவார், கிருமிநாசினியில் ஊறவைப்பார், மறுபடி கழுவுவார், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். வீட்டு பீர்க்காரனின் நேரத்தில் முக்கால்வாசி பாத்திரம் கழுவுவதிலேயே போகிறது என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. அவர் மனைவியின் கேள்வி ஒன்றே ஒன்று: "இவ்வளவு நல்லா கழுவுற மனுசன் ராத்திரி சாப்பாட்டுத் தட்ட மட்டும் ஏன் அப்படியே வச்சிட்டுப் போறாரு?"

இத்தனை இருந்தும் அவர் வீட்டில் ஒரு சொட்டு பீர் காய்ச்சியதில்லை. காரணம் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது மலேசியாவில் குற்றம். பிரிட்டனில் 1963இலேயே வீட்டு பீருக்கான உரிமத்தை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். நம்மவர் இந்த ஆண்டுகளைச் சுதந்திர தினங்களைப் போல ஒப்பிப்பார். ஆனால் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுகிற ரகம் அல்ல. சாலையில் காடி வராத நேரத்திலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவர்.

வழி ஒன்று இருந்தது. மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்வரை, விற்காமல் சொந்த உபயோகத்துக்குப் புளிக்கவைத்துக்கொள்ளலாம். ஆகவே நம்மவரின் மது ஆலை, உரிமையாளரிடமிருந்து ஒரு தீபகற்பத் தூரத்தில், மச்சானின் அடுக்குமாடி வீட்டுத் துணிக்கொடிக்குக் கீழே நடக்கிறது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய்க் காய்ச்சிவிட்டு வருவார். நசுக்கிய பார்லி மால்ட்டை 65 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுச் சீனி இறக்கி, வடிகட்டி, ஹாப்ஸ் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடுவதோடு அவர் வேலை சரி. மச்சானுக்கு அதன்பிறகுதான் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் வீடியோ அழைப்பு வரும். "மாப்ள, குமிழி நிமிசத்துக்கு எத்தன வருது? எண்ணிச் சொல்லுங்க." மச்சான் பல் துலக்கியிருக்கமாட்டார். எண்ணுவார்.

கணக்கு என்றால் நம்மவருக்கு உயிர். காய்ச்சிய நாளில் ஹைட்ரோமீட்டர் 1.050 காட்டும், புளித்து அடங்கியபின் 1.010. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5.2 விழுக்காடு மது. இதை அவர் துக்க வீட்டில்கூட விளக்கியிருக்கிறார்.

அடுத்த சோதனை வெயில். வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 பாகை போதும். நம் பக்கத்து மத்தியானத்தில் அதை விட்டால் வெறிபிடித்து வேலை செய்து, பீரில் வாழைப்பழ வாசத்தையும் தலைவலியையும் சேர்த்துவிடும். சிங்கப்பூரும் அதே வெயில்தான். ஐஸ் தண்ணீர்த் தொட்டி, ஈரத்துணி, மின்விசிறி என்று என்னென்னவோ செய்து பார்த்து, மச்சானின் கரண்டு பில்லும் ஏறியபிறகு, நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த 'க்வைக்' என்ற ஈஸ்ட்டைக் கண்டுபிடித்தார். அது 30 பாகைக்கு மேல்தான் சுறுசுறுப்பாகிறது. நாற்பதைத் தொட்டாலும் முகம் சுளிக்காது. பனி கொட்டுகிற ஊரில் பிறந்த ஈஸ்ட்டுக்கு நம் வெயில்தான் தோதுப்படுகிறது என்பதில் அவருக்குச் சொல்லிமாளாத பெருமை, ஏதோ பெண் கொடுத்த சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல.

சுவைபார்க்கும் சடங்கு தீபாவளி சமயத்தில். கெடாவிலிருந்து சொந்தங்கள் மச்சான் வீட்டுக்குப் போய் இறங்குவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கண்ணு கிண்ணு போயிடாதே?" நியாயமான பயம். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பல பேரைக் கொன்றது. பத்திரிகையில் படித்தது யாருக்கும் மறக்கவில்லை. பார்லியைப் புளிக்கவைத்தால் அப்படிப்பட்ட நஞ்சு வராது, அது வெளியிலிருந்து கலக்கப்பட்டது என்று அவர் பொறுமையாக விளக்கி முடிக்கும்போது நுரை அடங்கிப்போயிருக்கும். நுரை அடங்கிய பீரைக் கொடுக்க அவருக்கு மனம் வராது. வேறு கிளாஸ் ஊற்றுவார். பிறகு வரலாறு. இது இந்தியா பேல் ஏல். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் போன பீரின் வாரிசு. ஹாப்ஸ் கூடுதல், அதனால்தான் கசப்பு.

எண்பதைத் தாண்டிய பெரியப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கிளாஸை மேசையில் வைத்தார். "எங்கப்பனும் ரஜூலா கப்பல்லதான்டா வந்தாரு. அவரு இவ்வளவு கசக்கலையே!"

பெரியப்பாவின் வாயை அடைக்க முடியாது. அவர் தோட்டத்துக் கள்ளுக்கடையில் கரைகண்டவர். பால்வெட்டு முடிந்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கள்ளுக்கடைக்குப் போய் நின்றால் ஒரு வாயிலேயே காலையில் இறக்கியதா, நேற்றையதா, தண்ணீர் கலந்ததா என்று சொல்லிவிடுவாராம். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் நீர், பானையில் விழுந்த சில மணி நேரத்திலேயே தானாகப் புளிக்கத் தொடங்கும். ஈஸ்ட் வாங்கிப் போட வேண்டியதில்லை. காற்றிலும் பானையிலும் இருப்பதே போதும். மறுநாள் வைத்தால் காடியாகிவிடும். அன்று இறக்கி அன்று குடிப்பது, ஊருக்கு ஊர் ருசி மாறுவது, இறக்குகிறவரின் கைப்பக்குவம் என்று நம்மவர் இன்று பரவசத்தோடு பேசுகிற எல்லாமே பெரியப்பாவுக்கு அலுமினிய மங்கில் சில காசுக்குக் கிடைத்தன. ஹைட்ரோமீட்டர் இல்லை; நாக்கு இருந்தது. அந்த நாக்குத்தான் மகன் முறையில் இவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஒப்புக்கொள்ளமாட்டார். கள்ளு வேறு, கிராஃப்ட் வேறு என்பார்.

அவர் மனைவி வழியில் வந்திருப்பது வேறு சொத்து. கூலி கரைவதும் பெண்கள் அடிபடுவதும் கள்ளுக்கடையால்தான் என்று தோட்டத்து மக்களே எதிர்த்து எழுந்த காலம் ஒன்று உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. போர் முடிந்தபின் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. சீருடை, அணிவகுப்பு, கள்ளுக்கடை வாசலில் மறியல். 1947இல் போலீசோடு மோதல் வரை போனது. மனைவியின் பாட்டி அந்த மறியலில் நின்றவர்; விளக்குமாற்றோடு நின்றார் என்பது குடும்பத்தார் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். ஆக, கள்ளுக்கடைக்குள் நின்ற வம்சமும் வாசலில் நின்ற வம்சமும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. மறியல் இப்போதும் உண்டு, சமையலறை வாசலில்.

அங்கே நம்மவருக்கு அனுமதிக்கப்பட்டது இஞ்சித் தண்ணீர் மட்டும். இஞ்சி, சீனி, எலுமிச்சை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி வைத்தால் நம்மூர்ச் சூட்டுக்கு ஒரே நாளில் போத்தல் கல்லாக இறுகும்; மது என்று சொல்லும்படி ஏறுமுன் ஐஸ்பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். ஒரு தைப்பூசத்துக்குச் சுப்பிரமணிய தேவஸ்தானத்தில் பால்குடம் பார்க்கப் போன ஜோரில் தள்ள மறந்துவிட்டார். அன்றைக்கென்று கண்ணாடிப் போத்தல் வேறு. திரும்பி வந்தபோது சமையலறைக் கூரையில் இஞ்சி ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக், கேஸ் தோம்பு வெடித்ததென்று பயந்து வெளியில் நின்றிருந்தார். அவருக்கும் ஒரு போத்தல் கொடுத்துச் சமாதானம் செய்யலாம் என்று நம்மவர் எடுத்துப் போக, உள்ளே ஈஸ்ட் என்று கேட்டதும் மரியாதையாக மறுத்துவிட்டார். அது சரிதான்.

குடிக்கிற அளவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பிறருக்கு ஊற்றிவிட்டு முகத்தைப் பார்ப்பதில்தான் அவருக்குப் போதை. தனக்கு அரைக் கிளாஸ் போதும். கடை பீர் வாங்கினாலும் கணக்கு விடாது. 2016 மார்ச்சில் சுத்த மது லிட்டருக்கு 175 வெள்ளி என்று வரியை மாற்றினார்களே, அதன்படி 5 விழுக்காட்டு டின் ஒன்றில், 320 மில்லியில், 16 மில்லி மது. வரி மட்டும் அப்போதே 2 வெள்ளி 80 காசு என்று டின்னைத் திறக்குமுன் சொல்லி, கூட இருப்பவர்களின் தாகத்தைத் தணித்துவிடுவார். வரியில்லாமல் குடிக்கவேண்டுமானால் லங்காவி இருக்கிறது. 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. குவாலா கெடாவில் ஃபெரி ஏறிப் போகலாம். அவரோடு போய் வந்த சிநேகிதர்கள் கடற்கரையைப் பார்க்கவில்லை. கடைக் கடையாக ஏறி இறங்கி லேபிள் படித்தார்கள்.

அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள். அது குமிழி எண்ணும் நேரம். இஞ்சித் தண்ணீர் கொடுப்பார். உண்மையிலேயே நன்றாக இருக்கும், தாராளமாகக் குடிக்கலாம். "எப்படிச் செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கடைசிப் பஸ் போய்விடும்.