புகையும் காசுதான்!

கேள்வி (காளவாசல்): பைபாஸ் ரோட்டில் ராத்திரி சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிறார்களே, வண்டிக்கு நிஜமாகவே வேகம் கூடுமா?

பதில்: தெரு நாய்களுக்குக் கூடும்.

கேள்வி (செல்லூர்): நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் நுழைந்தது எந்த ஆண்டு?

பதில்: 2005, ஜோர்டான் அணி. கோயம்புத்தூர்க்காரர். பம்புசெட், மோட்டார், ரேஸ் டிராக் எல்லாம் அவர்களுக்கே, நமக்கு ஜிகர்தண்டா. அடுத்தது.

கேள்வி (திருமங்கலம்): அண்ணே, சைலன்சர்காரர்களை வாராவாரம் வறுத்தெடுக்கிறீர்கள். ரேஸ் கார் மட்டும் சத்தம் போட்டுத்தானே ஓடுகிறது? சத்தம் இல்லாமல் ஏது சக்தி?

பதில்: வாங்க தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2013 வரை ஃபார்முலா ஒன் காரில் இருந்தது 2.4 லிட்டர் வி8 எஞ்சின். நிமிடத்துக்கு 18,000 சுற்று, காதைக் கிழிக்கும் சத்தம். 2014-ல் விதி மாறியது: 1.6 லிட்டர் வி6, ஒரே ஒரு டர்போ, கூடவே மின்மோட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பெட்ரோல் பாயக் கூடாது என்று ஒரு ரேஷன். அதாவது நொடிக்கு 28 கிராம். அதை முழுக்க எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 1,200 கிலோவாட். சாதாரண எஞ்சினில் அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனால் பெரிய விஷயம். மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் ஊரைச் சுடும். பெட்ரோலைக் கூட்ட முடியாது என்று ஆன பிறகு, போகிற புகையைப் பிடித்து வேலை வாங்குவது தவிர வேறு வழி கிடையாது. அதற்குத்தான் புகைப் பாதையில் டர்பைன். டர்பைன் சுழன்று கம்ப்ரஸரை ஓட்டும். அதே தண்டில் உட்கார்ந்திருந்த எம்ஜியு-எச் என்ற மோட்டார், மிஞ்சின சுழற்சியை மின்சாரமாக மாற்றியது. குழாய்முனையில் கேட்பது டர்பைன் விட்டுவைத்த அழுத்தம்தான். ஆகவே எஞ்சின் கெட்டிக்காரன் ஆக ஆகச் சத்தம் குறைந்தது. மெல்போர்ன் போட்டி அமைப்பாளர்களே சத்தம் போதவில்லை என்று சத்தம் போட்டார்கள்! 2014 மே மாதம் பார்சிலோனாவில் மெர்சிடஸ் புகைக்குழாயின் முனையில் நாதஸ்வரத்து அணசு மாதிரி ஒரு வாயை மாட்டி ஓட்டிப் பார்த்தது. நாதம் வரவில்லை, அணசைக் கழற்றிவிட்டார்கள். அதே மெர்சிடஸ், 2017-ல் சோதனை மேடையில் வெப்பத்தின் 50 சதவிகிதத்துக்கு மேல் வேலையாக மாற்றிவிட்டதாக அறிவித்தது. சத்தமும் சக்தியும் அண்ணன் தம்பி என்றால், இவர்கள் பாகப்பிரிவினை செய்துகொண்டவர்கள்.

கேள்வி (மேலூர்): பழைய ஆர்எக்ஸ் 100-க்குக் குழாயை மாற்றினால் இழுவை கூடுகிறதே. இதற்கு என்ன பதில்?

பதில்: நியாயமான குத்து. டூ-ஸ்ட்ரோக்கில் குழாயின் வயிறு பெருத்துச் சிறுப்பது வேண்டுமென்றே செய்தது: வெளியேறும் அழுத்த அலை திரும்பி வந்து, தப்பப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். கணக்குப் போட்டுச் செய்த நீளத்துக்கும் வடிவத்துக்கும் பலன் உண்டு. கணக்கில்லாமல் ஓட்டை போடுவதற்கு இல்லை. டர்போ இல்லாத நாலு-ஸ்ட்ரோக் ரேஸ் எஞ்சினிலும் ஒரே நீளமுள்ள நீண்ட குழாய்கள் இதே அலை வித்தைக்குத்தான். ஆனால் நடுவில் டர்பைன் வந்ததும் கணக்கு மாறுகிறது. நீண்ட குழாயில் புகை ஆறிப்போகும், ஆறின புகையிடம் டர்பைனுக்கு வேலை இல்லை. எனவே 2014 மெர்சிடஸ், பக்கத்துக்கு மூன்று சிலிண்டரின் புகையையும் எஞ்சின் தலையை ஒட்டிய ஒரு குட்டைக் குழாயில் சேர்த்துச் சூடு ஆறாமல் டர்பைனுக்கு அனுப்பியது. பார்க்க லாரி எஞ்சின் மாதிரி இருக்கும். கம்ப்ரஸர் எஞ்சினுக்கு முன்னே, டர்பைன் பின்னே, நடுவில் வி-யின் இடுக்கில் ஒரு தண்டு; அதனால் உள்ளே வரும் காற்றுக்கு டர்பைன் சூடு ஒட்டவில்லை. அந்த ஆண்டு 19 போட்டியில் 16 வெற்றி.

கேள்வி (அலங்காநல்லூர்): அப்படிப்பட்ட குட்டைக் குழாயை 2015-ல் ஏன் தூக்கிப் போட்டார்கள்? உங்கள் வாதம் அடிபடுகிறதே?

பதில்: அடிபடவில்லை, கொஞ்சம் நெளிகிறது. 2015-ல் தனித்தனி நீண்ட குழாய். வெற்றி மறுபடியும் 19-க்கு 16. குட்டைக் குழாய்க்கு ஒரு குறை உண்டு: ஒரு சிலிண்டரின் புகை பக்கத்துச் சிலிண்டரின் வாயை மறிக்கும், பிஸ்டன் மெனக்கெட்டுத் தள்ள வேண்டும். குழாயைப் பிரித்தால் அந்தத் தொல்லை குறையும், சூடு கொஞ்சம் போகும். எது லாபம் என்பது மற்ற உறுப்புகளைப் பொறுத்தது. அதே ஆண்டு காற்று உள்ளே வரும் குழாயின் நீளத்தை ஓட்டத்திலேயே மாற்றவும் விதி இடம் கொடுத்தது. அலையின் தயவில் காற்று உள்ளே வந்தால் கம்ப்ரஸருக்கு உழைப்பு மிச்சம். அந்த மிச்சம் எம்ஜியு-எச் வழியே மின்சாரம். முன்வாசலையும் பின்வாசலையும் ஒரே கணக்கில் பார்க்கிறார்கள். நம் ஆட்கள் பின்வாசலை மட்டும் இடிக்கிறார்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): சித்திரை வெயிலில் வண்டி இழுக்க மாட்டேங்குது. பிரமையா?

பதில்: இல்லை. 15 டிகிரியில் இருக்கிற காற்றைவிட 40 டிகிரிக் காற்று சுமார் 8 சதவிகிதம் லேசு. உங்களுக்கும்தானே இழுக்கவில்லை?

கேள்வி (வாடிப்பட்டி): 2026-ல் எம்ஜியு-எச்சை எடுத்துவிட்டார்களாமே?

பதில்: ஆமாம். செலவு அதிகம், புதுக் கம்பெனிகள் மிரண்டன. பதிலுக்குச் சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் மின்மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்குப் போய்விட்டது. கெட்டிக்காரத்தனத்தை நிறுத்திவிட்டு மோட்டாரைப் பெருக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. என்னைக் கேட்டா செய்தார்கள்?

கேள்வி (திருப்பரங்குன்றம், பொறியியல் மாணவி): கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டுகிறோம். காற்று நுழையும் வழியில் வைக்கச் சொல்லும் 20 மில்லிமீட்டர் ஓட்டை, அந்த ரெஸ்ட்ரிக்டர், எங்கள் கழுத்தை நெரிக்கிறது. டர்போ போட்டால் தப்பிக்கலாமா?

பதில்: தப்பிக்க முடியாதம்மா. டர்போ போட்டாலும் ரெஸ்ட்ரிக்டர் கம்ப்ரஸருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். அந்த ஓட்டையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், எவ்வளவு உறிஞ்சினாலும் நொடிக்கு 70 கிராம் சொச்சத்துக்கு மேல் வராது. ஃபார்முலா ஒன்னில் பெட்ரோலுக்கு ரேஷன், இங்கே காற்றுக்கு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் என்றால் சிக்கல் இன்னும் வேறு: இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது உறிஞ்சும். அந்த நேரம் ஓட்டை திணறும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். ஓட்டைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு காற்றுப் பெட்டி வைத்தால், சும்மா இருக்கும் நேரத்திலும் காற்று வந்து சேரும். பெட்டி பெரிதானால் ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் எஞ்சின் யோசிக்கும், சிறிதானால் பலன் இல்லை. இரண்டு மூன்று அளவில் செய்து ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓட்டைக்குப் பின்னால் கூம்பு மெதுவாக விரியட்டும். அவசரமாக விரித்தால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழலும், இழந்த அழுத்தம் திரும்பக் கிடைக்காது. கூம்பின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் பிசிறு ஒன்று தட்டுப்பட்டாலும் அன்றைக்கே தேய்த்துவிடுங்கள்.