இரும்புக்கு வந்த மரியாதை

பழைய இரும்புக்கு இந்த நாட்டில் மரியாதை இல்லையென்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஏ9 வீதியால் வந்து பாருங்கள். 1991 ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டையில் புலிகள் கவசம் போட்டு ஓட்டிவந்த புல்டோசர் அங்கே நினைவுச்சின்னமாக நிற்கிறது. கிளிநொச்சியில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியை விழுந்த கோலத்திலேயே விட்டு, பார்க்க வருகிறவர்களுக்குப் பக்கத்திலே நினைவுப்பொருள் கடையும் போட்டார்கள். எங்கள் புதுக்குடியிருப்புக்கு இன்னும் ஒருபடி கூடுதலான கௌரவம்: தண்ணீருக்கு நடுவே துவக்கோடு ஒரு சிப்பாய்ச் சிலை, புலிகள் கையால் செய்த நீர்மூழ்கிகளையும் படகுகளையும் அடுக்கிவைத்த அருங்காட்சியகம். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து, அந்தத் தகரத்தைத் தொட்டுப் பார்த்து, முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு போனது.

துருப்பிடித்த இரும்பில் இத்தனை பக்தியுள்ள நாடு உலகத்தில் வேறு இருக்காது. கொலைக்குப் போன இரும்பென்றால் பீடம். உழப்போன இரும்பென்றால் அதற்கு ஒரு வோசர்கூடக் கிடையாது.

நான் சொல்வது லாண்ட்மாஸ்ரரை. இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு வன்னியில் அதுதான் பெயர். கொழும்பில் பிறந்த ரே விஜேவர்தன என்ற பொறியியலாளர் 1950களில் வடிவமைத்து, இங்கிலாந்தில் தயாராகி வந்த இயந்திரத்தின் பெயர் அது. அந்தக் கம்பனி எப்போதோ போய்விட்டது. பிறகு ஜப்பான் குபோட்டா வந்தது, சீனத்துச் சிபாங் வந்தது. எங்கள் சனத்துக்கு எல்லாமே லாண்ட்மாஸ்ரர்தான். விவசாயத்தை நவீனமாக்கப் புறப்பட்டுக் கடைசியில் எருமையைத்தான் இயந்திரமாக்கினோம் என்று விஜேவர்தனவே பிற்காலத்தில் மனம்விட்டுப் பேசினார். பெரிய மனிதர், உண்மையைச் சொன்னார். எருமை புல்லைத் தின்று சாணம் போடும், கன்று ஈனும். எருமைக்கு உதிரிச் சாமான் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறிய கமக்காரன் எவனும் இல்லை.

ஆனால் எருமைக்குத் திரும்பிப் போகவும் இனி வழியில்லை. வயலை உழுவது, கச்சானை ஏற்றுவது, விறகு கட்டுவது, கோயில் திருவிழாவுக்குச் சனத்தை இறக்குவது, செத்தவீட்டுக்குக் கதிரை கொண்டுபோவது எல்லாம் இந்த ஒரே எஞ்சினில்தான். அது படுத்தால் வீடே படுத்தது.

இந்த எஞ்சினுக்கு வேண்டிய சாமானைத்தான் போர்க்காலத்தில் முதலில் எதிரியாக அறிவித்தார்கள். 1990க்குப் பிறகு வடக்குக்குப் போகக் கூடாதென்று அரசு போட்ட பட்டியலில் டீசல், பெற்றோல், பற்றறி, சீமெந்து, யூரியா எல்லாவற்றோடும் வாகன உதிரிப்பாகமும் இருந்தது. பிஸ்டன் றிங் ஒன்று தாண்டிக்குளம் எல்லையைத் தாண்டினால் நாடு இரண்டாகிவிடும் என்று கொழும்பில் படித்த மனிதர்கள் நம்பினார்கள். பெயரிங் என்றால் இன்னும் மோசம். உள்ளே உருக்கு உருண்டைகள் இருக்கின்றனவே, கிளைமோர்க் குண்டுக்கு ஆகும். ஆக, முள்ளங்கி வைக்க மண் கிளறுகிறவனும் சந்தேக நபர். அந்தக் காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் மருந்துபோல ஒரு சொட்டுப் பெற்றோல். பொருளாதாரத் தடை எங்களைக் கற்காலத்துக்கு அனுப்பும் என்று கணக்குப் போட்டவர்கள், ஊருக்கொரு மெக்கானிக்கை உருவாக்கிவிட்டார்கள். அதற்காவது நன்றி சொல்லலாம்.

2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. சாமான் வந்தது, கூடவே வரியும் வந்தது. கொழும்பில் ஒரு வரி கட்டி வந்த கிளச் பிளேற்றுக்கு, இந்தப் பக்கம் புலிகளின் ஆயப்பகுதி இன்னொரு வரி கேட்டது. விடுதலையின் பெயரால் ஒரு வீதம், இறைமையின் பெயரால் ஒரு வீதம். இரண்டுக்கும் நடுவில் நின்றவன் கமக்காரன். 2006 ஓகஸ்டில் பாதை பூட்டியபோது இருபக்கத்துக் கல்லாப்பெட்டியும் ஒன்றாக மூடின. அன்றைக்குக் கையில் இருந்த சாமானோடுதான் எங்கள் இயந்திரங்கள் 2009க்குள் போயின.

எப்படிப் போயின என்பதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என்று, பெட்டியில் கூரைத் தகடும் கதவு நிலையும் கோழிக்கூடும் அதற்கு மேலே கிழவியுமாக அந்த லாண்ட்மாஸ்ரர்கள்தான் ஒரு சமூகத்தையே இழுத்துக்கொண்டு போயின. பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குச் செல் விழுந்தபோது காயக்காரரைக் கொண்டோடியதும் உழவு இயந்திரப் பெட்டிதான். எஞ்சினில் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை கீழிறங்கிக் கிடக்கும், ஊற்றத் தண்ணீர் இருக்காது, குடிக்கவே இல்லை, ஆனாலும் ஓடியது. முள்ளிவாய்க்காலோடு பாதை முடிந்தது. இயந்திரத்தை விட்டுவிட்டுச் சனம் கைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

பிறகு நடந்ததுதான் இந்த நாட்டின் இரும்புக் கொள்கை. சனம் மெனிக் பாம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள். அவர்களின் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் கடற்கரை மணலில் மலைமலையாக. புதுக்குடியிருப்புக்குச் சிலை வந்து பல மாதம் கழிந்த பிறகுதான் புதுக்குடியிருப்புச் சனம் வந்தது. பலருக்கு ஊர் திரும்ப 2012 ஆனது. அதற்குள் பழைய இரும்பு வியாபாரிகளின் லொறிகள் வந்து போய்விட்டன. தன்னுடைய எஞ்சினைத் தேடிப் போனவனிடம் வாகனப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது ஐயா, பதுங்குகுழிக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே மண் மூடிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

மிஞ்சிய துண்டு துணுக்கைக் காட்டுக்குள் பொறுக்கி விற்கப் போனவர்கள் வெடிக்காத செல்லில் கால் கை இழந்தார்கள். கண்ணிவெடி இல்லாத நாடாக 2028 ஜூனுக்குள் மாற வேண்டும் என்று ஒட்டாவா உடன்படிக்கை இலங்கைக்குத் தவணை வைத்திருக்கிறது. ஆக, எங்கள் மண்ணுக்குள் இரும்புக்குப் பஞ்சமில்லை. வெளியில்தான் பஞ்சம்.

போர் முடிந்த பிறகு இந்தியா 500 உழவு இயந்திரங்களை வடமாகாணத்துக்குக் கொடுத்தது. பூமாலை, பொட்டு, மேடை, கைதட்டல், அமைச்சர் சாவி கொடுக்கும் படம். அந்த இயந்திரங்களுக்கும் இப்போது பதினைந்து வயது. பதினைந்து வயதில் கிளச் தேயும், ஓயில் சீல் கசியும், நொசில் அடைக்கும். சாவி கொடுத்த படத்தில் இருந்த ஒருவரும் ஓயில் சீல் கொடுக்கும் படத்தில் இல்லை. இயந்திரம் கொடுக்கலாம், வோட்டு வரும். ஓயில் சீலுக்கு எவன் மாலை போடுவான்?

நானும் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். புது இயந்திரத்துக்கு விண்ணப்பப் படிவம் இருந்தது. வெள்ளத்தில் அழிந்த இயந்திரத்துக்குப் படிவம் இருந்தது. திருத்துவதற்குப் படிவம் இல்லை. “அழிஞ்சதெண்டு போடுங்கோவன் ஐயா, அதுதான் சுகம்” என்று அங்கிருந்த பிள்ளை அன்பாகத்தான் சொன்னது. இந்த அரசாங்கத்தின் கண்ணில் படுவதற்கு ஒரு பொருள் ஒன்றில் பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும்.

சாமான் கடையில் கதை இப்படிப் போகும்:

“அண்ணை, குபோட்டா கே எழுபத்தைஞ்சுக்கு மெயின் பெயரிங் இருக்கோ?”

“ஜப்பான் சாமானோ? அது இப்ப வாறேல்லை தம்பி. வேறை சாமான் இருக்கு, தரட்டோ?”

“எத்தினை நாளைக்கு நிக்கும்?”

“அது நீ உழுறதைப் பொறுத்தது.”

“உழாமல் வச்சிருந்தால்?”

“பேரப்பிள்ளை காலத்துக்கும் நிக்கும்.”

விலை கேட்டால் அவர் கல்குலேற்றரைத் தட்டுவதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குக் காரணமானவர்கள் கொழும்பில் ஆட்சியில் இருந்தவர்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலரை இரண்டே மாதத்தில் 360 வரை ஏற்றிவிட்ட மகா பொருளியலாளர்கள் அவர்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாய் மண்ணெண்ணெயை ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். அதற்கு முந்திய ஆண்டு இரசாயன உரத்தைத் தடைசெய்து, நாடு முழுக்கச் சேதனக் கமம் என்று உலகத்துக்கு அறிவித்தவர்களும் அவர்களே. 1990களில் எங்களுக்கு யூரியாவைத் தடுத்தபோது பயங்கரவாதம் என்றார்கள். 2021 இல் எல்லாருக்கும் தடுத்தபோது பசுமை என்றார்கள். பயிருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் கராஜ்கார அண்ணையின் வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கியர்ப் பெட்டி மூடியில் ஓயில் கசிகிறது. கஸ்கற் கடையில் இல்லை. மூடியின் விளிம்பில் விரலால் ஓயிலைப் பூசுகிறார். சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி, அதன் மட்டையை மூடியில் அழுத்தி எடுக்கிறார். விளிம்பு அப்படியே மட்டையில் பதிகிறது. சிறு சுத்தியலால் ஓரத்தைச் சுற்றி டொக் டொக்கென்று தட்ட, மட்டை தானாக வெட்டுப்பட்டு விழுகிறது. போல்ட் ஓட்டைக்குப் பழைய பெயரிங் உருண்டையை வைத்து ஒரு தட்டு. கிறீஸ் பூசிப் பூட்டினால் கசிவு நின்றுவிட்டது. அது ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தேர்தலுக்கு அடித்துக் கொடுத்த கலண்டர். அரசியலுக்கு வந்த நாளிலிருந்து அந்த மனிதர் எங்களுக்குச் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

தேய்ந்த புஸ்ஸுக்கு வெண்கலத் துண்டைக் கடைந்து போடுகிறார். செத்த இயந்திரம் ஒன்றின் உறுப்பைக் கழற்றி மூன்றை உயிர்ப்பிக்கிறார். இவருக்கு யாரும் கலாநிதிப் பட்டம் கொடுக்கப் போவதில்லை. இவரின் கராஜுக்கு வந்து, “ஐயா, இந்தப் பழசை விட்டிட்டு லீசிங்கிலை புதுசு எடுங்கோ” என்று எனக்கு ஆலோசனை சொல்லக் கழுத்துப்பட்டி கட்டிய பொடியன்கள்தான் வருகிறார்கள். மழை பொய்த்தால் தவணை பிந்தும். தவணை பிந்தினால் ஆள் வந்து சீஸ் பண்ணும். அன்றைக்குத் துவக்கோடு வந்து இயந்திரத்தைக் கேட்டார்கள், இன்றைக்கு ஒப்பந்தத்தோடு வந்து கேட்கிறார்கள்.

அமெரிக்காவிலும் கமக்காரன் அழுகிறானாம். அங்கே இயந்திரத்துக்குள் கம்பியூட்டரை வைத்துப் பூட்டி, கம்பனி ஆள் வந்தாலே தவிரத் திருத்த முடியாதபடி செய்துவிட்டார்கள். கொலராடோ மாநிலம் 2023 இல் சட்டம் போட்டு, தன் இயந்திரத்தைத் தானே திருத்தும் உரிமையைக் கமக்காரனுக்குக் கொடுத்தது. எங்களுக்கு அந்த உரிமை தாராளமாக உண்டு; யாரும் பூட்டவில்லை. திருத்தச் சாமான்தான் இல்லை.

இதற்கிடையில் வன்னியில் இராணுவமும் விவசாயம் செய்கிறது, சிவில் பாதுகாப்புத் திணைக்களமும் பண்ணை வைத்திருக்கிறது. அவர்களின் உழவு இயந்திரம் சாமானுக்காகப் பஞ்சிகாவத்தையில் வரிசையில் நின்றதை நான் கண்டதில்லை. 2017 இல் கேப்பாப்புலவுச் சனம் சொந்தக் காணி கேட்டு முகாம் வாசலில் குந்தியிருந்தது. காணி கிடைத்தவனுக்கு உழ இயந்திரமில்லை, இயந்திரம் உள்ளவனுக்குச் சாமானில்லை, இரண்டும் உள்ளவர்களுக்குச் சீருடை இருக்கிறது.

அமைச்சர்மாரே, மேடை வேண்டாம். உழவு இயந்திர உதிரிப்பாகத்துக்கு வரிச்சலுகை தாருங்கள். கமநல சேவை நிலையங்களில் றிங்கும் சீலும் பெயரிங்கும் வைக்க ஓர் அலுமாரி போடுங்கள். எங்கள் மெக்கானிக்மாருக்குப் புதுக்குடியிருப்பில் ஒரு நல்ல லேத் மெசின் வாங்கிக் கொடுங்கள். இது எதுவும் முடியாவிட்டால், அடுத்த தேர்தலுக்குக் கலண்டர் அடிக்கும்போது மட்டையையாவது கொஞ்சம் தடிப்பாக அடியுங்கள். கஸ்கற் வெட்ட உதவும்.