விலை மாறிருச்சுங்களா?

நாமக்கல்லில் முட்டை இடுவது கோழி. விலை வைப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரருக்கோ மாதப் பிறப்பு என்றால் நூல் விலைதான் பஞ்சாங்கம். இணையப் பக்கத்தில் ஒரு எண் மாறுகிறதா என்று விரல் தேயத் தேய்த்துக்கொண்டிருப்பது இங்கே பலருக்குக் காலைக் காப்பிக்கு முந்தைய வேலை.

இதற்கென்றே விஷுவல்பிங், டிஸ்டில் மாதிரி கருவிகள் இருக்கின்றன. முகவரியைக் கொடுத்தால், குறித்த இடைவெளியில் அந்தப் பக்கத்துக்குப் போய், முன்பு எடுத்துவைத்த படியோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பும். அளவாகப் பயன்படுத்தினால் காசும் இல்லை. கொங்குநாட்டில் ஒரு பொருளுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

ஆனால் இந்தக் கருவிக்கு விசுவாசம் கொஞ்சம் அதிகம். பக்கத்தின் மூலையில் ஓடும் கடிகாரம் நகர்ந்தால் மாற்றம். வருகையாளர் எண்ணிக்கை கூடினால் மாற்றம். அதைக் கூட்டியதே அந்தக் கருவியாகவும் இருக்கலாம். விலை இருக்கும் கட்டத்தை மட்டும் குறித்துக் கொடுத்தால் அடங்கிவிடும். 'விரைவில் வெளியிடப்படும்' என்று எழுதிவைத்த அலுவலகப் பக்கங்களைக் காவல் காக்கச் சொன்னால் மட்டும், பாவம், அதற்கு நிரந்தர ஓய்வு.

மின்னஞ்சல் வந்த பிறகும் பண்ணைக்காரர் வியாபாரிக்குப் போன் போடுவார்: "ஏனுங்க, வெல மாறிருச்சுங்களா?" வியாபாரி, "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு அதே பக்கத்தைத் திறப்பார்.