235 மீட்டர் போதும்

மான்செஸ்டரில் படித்த காலத்தில் விடுமுறை என்றால் லேக் டிஸ்ட்ரிக்ட்தான். அதிலும் உயரமான மலைகள்தான் எங்கள் கணக்கில் வரும். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர். இருட்டோடு கிளம்பி ஏறி, உச்சியில் மேகத்துக்குள் நின்றபடி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் போவதற்குள் இறங்கிவிடுவோம். ஆல்ஃப்ரெட் வெயின்ரைட் 1955 முதல் 1966 வரை ஏழு நூல்களாக எழுதி வரைந்த 214 மலைகளில் யார் எத்தனை முடித்தார்கள் என்பதே நண்பர்களுக்குள் பேச்சு. அந்த வயதுக்கு அது வேண்டியதுதான்.

இப்போது இறக்கத்தைப் பார்த்தாலே முட்டி வலிக்கிறது. நானும் மனைவியும் கென்டல் ஊரிலிருந்து மேற்கே நடந்து ஸ்கவுட் ஸ்கார் ஏறுகிறோம். உயரம் 235 மீட்டர். அதைவிடச் சிறிய கன்ஸ்விக் ஸ்காரையும் சேர்த்துச் சுற்றி வந்தால் ஒரு நாள் நிறைவாகப் போய்விடும்.

அன்று ஏறிய பெரிய மலைகளில் பல எரிமலைப் பாறை. மழை பெய்தால் பாதை சேறும் சதுப்புமாகிவிடும். இங்கே சுண்ணாம்புப் பாறை. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்தது. மழைநீர் வெடிப்புகள் வழியாக உள்ளே போய்விடுவதால் முதல்நாள் மழை மறுநாள் காலில் ஒட்டுவதில்லை. பனியாறுகள் மேல்மண்ணைச் சுரண்டிய இடங்களில் பாறை தளம் போட்டதுபோல் கிடக்கிறது. பிளவுகளுக்குள் குனிந்து பார்த்தால், காற்றும் ஆடும் எட்டாத ஆழத்தில் பெரணிகள். இத்தகைய பாறையைத் தோட்ட அலங்காரத்துக்காகப் பெயர்த்து விற்ற காலமும் உண்டு. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தடை போட வழிசெய்தது.

மேலே 1912இல் கட்டிய ஒரு கல் மண்டபம் இருக்கிறது. அதன் உருவத்தைப் பார்த்து ஊரார் ‘காளான்’ என்கிறார்கள். எந்தத் திசையில் எந்த மலை என்று உள்ளே குறித்திருக்கிறார்கள். அன்று தனித்தனியாக ஏறிய கோனிஸ்டன், போஃபெல், லாங்டேல் மலைகளை இங்கிருந்துதான் ஒரே வரிசையில் பார்த்தேன். தெற்கே மோர்கம் விரிகுடா. காலடியில் லித் பள்ளத்தாக்கு. ஏப்ரலில் அங்கே டாம்சன் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருக்கும். வானம்பாடியின் குரலை நின்று கேட்க நேரம் இருக்கிறது.

வெயின்ரைட்டும் இந்த வழிக்குத்தான் வந்தார். 1974இல், தம் 67ஆம் வயதில், பெரிய மலைகளை இனி ஏற முடியாத முதியவர்களை மனத்தில் வைத்து வெளிவட்டக் குன்றுகளுக்கென ஒரு நூல் எழுதினார். அதில் முதல் நடையே ஸ்கவுட் ஸ்கார்தான்.

ஆனால் இதை முதியவர்களுக்கு மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை. புகழ்பெற்ற உயரப் பாதைகள் ஓயாத காலடிகளால் அரித்துப்போய், தன்னார்வலர்கள் கல் பதித்துச் செப்பனிடுகிறார்கள். பக்கத்திலேயே இந்தக் குன்றுகள் கூட்டமின்றி இருக்கின்றன. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் விண்டர்மியர் படகுச் சவாரியோடு திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நல்ல காலணியும் காற்றுக்கு ஒரு மேலங்கியும் கொடுத்து இங்கே கூட்டி வாருங்கள். மேற்கு விளிம்பு செங்குத்தான பாறை. பிள்ளைகளின் கையை மட்டும் விடாதீர்கள்.